எண் மட்டும் அனுப்பவும்

இரவு எட்டு மணிக்கு
எங்கள் வட்டாரத்தின் நூற்றுப் பதினேழு கைபேசிகளுக்கும்
ஒரே கேள்வி போகும்:
இன்று உங்கள் மனம் பத்துக்கு எவ்வளவு?

கேட்பது நானில்லை.
உலான்பாத்தரில் ஏதோ ஓர் அறையில்
அணையாமல் கிடக்கும் கணினி.
காலையில் எனக்குப் பட்டியல் வரும்,
பச்சை மஞ்சள் சிவப்பென்று.
சிவப்பென்றால் நான் அழைக்க வேண்டும்.
எடுக்காவிட்டால்
மருத்துவமனையின் பழைய ருஷ்ய வேனில்
பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மேய்ப்பர் தாஷ்ந்யாமின் முதல் பதில்
37.
கணினி உடனே எழுதியது:
தவறான பதில். ஒன்று முதல் பத்து வரை
எண் மட்டும் அனுப்பவும்.
மறுநாள் 36.
தவறான பதில்.
அப்புறமும் 36.
அப்புறம் 34.

எந்த நிறத்திலும் சேராதவர்களைக்
கணினி சாம்பலில் போட்டுக்
கடைசிக்குத் தள்ளிவிடும்.
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்,
சாம்பலைப் பார்க்க வேண்டாம்,
விரல் தவறியிருக்கும்.
நான் சாம்பலைத்தான் முதலில் பார்ப்பேன்.
செவெல்மா எழுதியிருப்பாள்: நாய் திரும்பி வந்துவிட்டது.
பெயர் பதியாத ஓர் எண்ணிலிருந்து:
இதை யாராவது படிக்கிறீர்களா.

இரும்புப் பனி ஆண்டு அது.
ஒரு பகல் உருகி ஓர் இரவில் உறைந்து
மேய்ச்சல் நிலமெங்கும் கண்ணாடி போட்டுக்கொண்டது.
உள்ளே புல் தெரியும்.
வாய்க்கு எட்டாது.
ஆடுகள் நின்றபடியே செத்தன.
நின்றபடியே இருந்ததால்
எண்ணுகிறவனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

விதியை மீறி
என் சொந்தக் கைபேசியிலிருந்து கேட்டேன்:
இலையுதிர் காலத்தில் எத்தனை இருந்தன?
இரண்டு நாள் கழித்து வந்தது.
(குன்றின் மேல், நீலத் துணி கட்டிய கற்குவியல் அருகில்தான்
அவருக்குச் சிக்னல். குதிரை மெலிந்துபோனதால் நடந்து ஏற வேண்டும்.)
412.
வேறொன்றும் எழுதவில்லை.

33. 33. 31.
தவறான பதில், தவறான பதில், தவறான பதில்.

பிறகு ஒரு வியாழக்கிழமை
4.

கணினிக்கு மகிழ்ச்சி.
நன்றி, உங்கள் பதில் பதிவாகியது என்றது.
மஞ்சள் பூசியது.
மஞ்சளுக்கு அழைக்கத் தேவையில்லை.

நான் ஓட்டுநர் சுஹீயை எழுப்பினேன்.
எழுபது கிலோமீட்டர்,
இருவரும் பேசவில்லை.
முப்பத்தொன்றிலிருந்து நாலுக்கு
ஒரே இரவில் எந்தக் குளிர் இறங்கும்
என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

கூடாரத்தின் புகைக்குழாயில் புகை இருந்தது.
தாஷ்ந்யாம் வெளியே நின்று
சூரியத் தகட்டிலிருந்த பனியைச்
சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார்.
பட்டிக்குப் போய் எண்ணினேன்.
முப்பத்தொன்று.
மறுபடி எண்ணினேன்.
என்னைப் பார்த்துவிட்டு அவரும் எண்ணினார்,
உதடு அசையாமல்.

நாலு என்று அனுப்பினீர்களே என்றேன்.

தேநீரில் உப்புப் போட்டார். கலக்கினார்.
கேள்வியை நேற்றுத்தான் ஒழுங்காகப் படித்தேன்,
மனம் என்று போட்டிருக்கிறாய்.
கண்ணாடி இல்லாததால்
இத்தனை நாள் மந்தை என்று படித்துவிட்டேன்.

அடுப்பருகே பெட்டியின்மேல்
கண்ணாடி மடித்து வைத்திருந்தது,
துடைத்து.

நாலா?
நாலுதான்.
வேறு பேச்சில்லை.
சுஹீ மூன்று கிண்ணம் குடித்தான்.
இருட்டும் வரை
அந்த நாலோடு நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

மாகாண அலுவலகத்திலிருந்து கேட்டார்கள்:
மஞ்சள்தானே, பெட்ரோல் எதற்கு?
படிவத்தில் எழுதினேன்:
ஆடு எண்ண.

இப்போது மணி ஏழு ஐம்பது.
அவர் குன்றேறிக்கொண்டிருப்பார்.
மூன்று வரலாம்.
ஐந்து வந்தால் நான் நம்ப மாட்டேன்.
குட்டி போடும் மாதம் இது,
ஒருவேளை முப்பத்திரண்டு வந்தால்
கணினி அதைச் சாம்பலில் தள்ளட்டும்.
நான் திருப்பிக் கேட்பேன்,
என்ன நிறம் என்று.